உள்ளது உள்ளபடி ஒரு தொட்டில்

மனுஷன் என்று ஒருவன் பிறந்தால் அவனுக்குப் பாத்திரம் வேண்டும். பாத்திரம் என்று ஒன்று இருந்தால் அது என்றைக்காவது ஓட்டையாக வேண்டும். ஓட்டையானால் வீட்டுக்காரி அதைக் கடாசிவிட்டு என் கடைக்கு வந்து புதுசாக ஒன்று வாங்க வேண்டும். உலகத்தின் நித்திய ஏற்பாடு இதுதான். இதை நம்பித்தான் தூத்துக்குடியில் 'செந்தில்வேல் பாத்திர மாளிகை' என்று ஒரு கடை வைத்தேன். மாளிகை என்றதும் பயந்துவிட வேண்டாம். பலகை போட்டு மூடுகிற கடைதான்.

இந்த நித்திய ஏற்பாட்டுக்கு விரோதமாக என் கடைக்கு நேர் எதிரே ஒரு வீடு இருந்தது. எஸ்றா வீடு. எஸ்றாவுக்கு ஹார்பரில் டாலி கிளார்க் உத்தியோகம், அதாவது கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற வேலை. அவன் பெண்சாதி கிரேசிக்கு நாசரேத் சொந்த ஊர். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்போடு தையலும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அங்கேதான் என் வியாபாரத்துக்கு முதல் அடி விழுந்தது.

சர்க்காரில் ஐம்பத்தைந்து வயது ஆனால் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எஸ்றா வீட்டில் எந்தச் சாமானுக்கும் ஓய்வு கிடையாது, மாறுதல் மட்டும்தான். எஸ்றாவின் கால்சட்டை முழங்காலில் கிழிந்தால் சந்தைக்குப் போகிற பையாக மாறுதல் ஆகும். பை நைந்தால் கரித்துணி. கரித்துணியும் ஓய்ந்துபோனால் துவைத்துக் காயவைத்துத் தலையணைக்குள் திணித்துவிடுவாள். ஒரு கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டில் பலகாரம் சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தேன். எஸ்றாவின் மொத்த சர்வீஸின் மேலேயே சாய்ந்திருக்கிறேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

இத்தனை வருஷத்தில் கிரேசி என் கடையில் ஒரே ஒரு தடவை சாமான் வாங்க வந்திருக்கிறாள். சருவச் சட்டியின் கைப்பிடிக்கு ஒரு ஆணி. அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோணலாக இருக்கிறது என்று கொடுத்துவிட்டாள். உன் புருஷன்தான் எதையும் நிமிர்த்துவானே, நிமிர்த்திக்கொள்ளேன் என்றேன். கோணல் ஆணி எங்கள் வீட்டிலேயே ஒரு டப்பா கிடக்கிறது அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மரியாதையான பெண்தான். ஆனால் இவளை மாதிரி இன்னும் நாலு பேர் தெருவில் இருந்தால் நான் கடையை மூடிவிட்டு உப்பளத்துக்குத்தான் வேலைக்குப் போக வேண்டும். என்றைக்காவது ஒருநாள் இவள் என் கடைப்படி ஏறி, புதுசாக ஒரு சாமானைக் கைகாட்டிக் கேட்க வேண்டும் என்பது எனக்கு ஒரு வேண்டுதல் மாதிரியே ஆகிவிட்டது.

அந்த வீட்டுச் சாமான்களில் தலைமைச் சாமான் ஒரு தொட்டில். எங்கள் ஊர்ச் சங்கதி ஒன்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். கப்பலில் மிஷின் வரும். மிஷின் பெரிய பெரிய மரப்பெட்டிக்குள் வரும். மிஷின் போகிற ஊருக்குப் போய்விடும், பெட்டிப் பலகை ஏலத்தில் தூத்துக்குடியிலேயே தங்கிவிடும். அதனால் எங்கள் ஊரில் கட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தால் ஜெர்மனி என்று எழுதியிருக்கும், கதவைத் திருப்பினால் ஜப்பான். எஸ்றா தன் மூத்த மகள் பிறந்தபோது அப்படி ஒரு பெட்டிப் பலகையில்தான் தொட்டில் செய்தான். கண்ணாடித் தம்ளர் படமும், 'இந்தப் பக்கம் மேலே' என்று இங்கிலீஷில் கறுப்பு எழுத்தும் பக்கவாட்டில் அப்படியே இருந்தது. ஆட்டுவதற்கு, உடைந்த வள்ளத்திலிருந்து வளைந்த கட்டை இரண்டு எடுத்து அடியில் வைத்திருந்தான். அந்தத் தொட்டிலில் இரண்டு பெண் பிள்ளைகள் வளர்ந்தன.

இரண்டாவது பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தொட்டிலைச் சும்மா விடுவாளா கிரேசி. நிமிர்த்திச் சுவரோடு சாத்தி, குறுக்கே பலகை செருகி, பாத்திர அலமாரி ஆக்கிவிட்டார்கள். ஆணி அடிக்கவில்லை, மரமுளைதான். மூன்றாவது வந்தால் முளையைப் பிடுங்கிவிட்டுப் படுக்கவைத்துக்கொள்ளலாம் என்பது எஸ்றாவின் தொலைநோக்குத் திட்டம். மூன்றாவதும் வயிற்றில் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊருக்கு 'இல்லச் சிக்கன ஊக்குவிப்பு வட்டார அலுவலகம்' வந்து சேர்ந்தது. ஜனங்கள் பழைய சாமான்களைத் தூக்கி எறியாமல் பழுதுபார்த்து உபயோகிக்க வேண்டும் என்று அறிவுறுத்துவது அதன் நோக்கம். நோக்கத்தை முன்னிட்டுக் கடற்கரைச் சாலையில் ஒரு பங்களா வாடகைக்கு எடுத்தார்கள். புது மேஜை, புது நாற்காலி, புதுத் திரைச்சீலை, புது ஜீப்பு எல்லாம் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கின. அலுவலர் பெயர் சிவசுப்பிரமணியன். பியூன் நல்லக்கண்ணு, உள்ளூர்க்காரன்.

வந்த மறுநாளே ஒரு நாற்காலியில் திருகாணி லேசாகக் கழன்று ஆடியது. நல்லக்கண்ணு சட்டைப் பையிலிருந்து ஒரு காசை எடுத்துத் திருகப் போனான். அலுவலர் பதறிப்போய்த் தடுத்துவிட்டார். இந்த அலுவலகத்துக்குப் பழுதுபார்த்தல் என்ற தலைப்பில் நிதி ஒதுக்கீடு இல்லை, கழிவு செய்தல் என்ற தலைப்பில்தான் இருக்கிறது என்று விளக்கினார். அதன்படி நாற்காலியை வெவ்வேறு இலாகாவிலிருந்து மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு தடவை உட்கார்ந்து ஆடினார்கள். கழிவு என்று முடிவாகிப் பின்வாசலில் போட்டுவிட்டு வேறு நாற்காலிக்கு எழுதினார்கள். சிவசுப்பிரமணியன் கெட்ட மனுஷர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனுஷர், லஞ்சம் தொடமாட்டார், விதியைத் தாண்டி ஒரு அடி வைக்கமாட்டார். அவஸ்தையே அதுதான்.

அலுவலகம் வந்து மூன்று மாதம் ஆகியும் சிக்கனம் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. வட்டாரத்துக்கு ஒரு 'முன்மாதிரிச் சிக்கன இல்லம்' காட்ட வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி. இப்படி இருக்கும்போது ஒருநாள் கடற்காற்றில் அவருடைய குடை கம்பி முறிந்து பூவாக விரிந்துபோனது. நல்லக்கண்ணு அதை எஸ்றாவிடம் கொண்டுபோனான். எஸ்றா பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பி ஒன்றை வளைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டான். அலுவலர் குடையை விரித்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், மறுபடி விரித்தார். மறுநாள் காலையில் ஜீப்பு எங்கள் தெருவில் நின்றது.

வீட்டுக்குள் போன மனுஷர் வெளியே வர மத்தியானம் ஆகிவிட்டது. மண்ணெண்ணெய் டின் அரிசிப் பானையாகவும், பழைய பாய்மரத் துணி கட்டில் விரிப்பாகவும், நங்கூரக் கொக்கி லாந்தர் மாட்டுகிற கொக்கியாகவும் இருப்பதைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவே முன்மாதிரிச் சிக்கன இல்லம் என்று அங்கேயே அறிவித்தார். நல்லக்கண்ணு சிவப்புப் பெயிண்டும் பிரஷ்ஷும் கொண்டுவந்து ஒவ்வொரு சாமானுக்கும் எண் போட்டான். கூஜாவுக்கு எண், பெஞ்சுக்கு எண், தலையணைக்கு எண், சேலையை வெட்டித் தைத்த திரைக்கு எண். நடுவே அசையாமல் நின்ற எஸ்றாவின் முதுகுக்கும் பிரஷ் ஒரு தடவை போய்த் திரும்பியது. தொட்டில் அலமாரிக்குப் பதினேழு.

வாசலில் எனாமல் பலகை அடித்தார்கள். புத்தம்புதுப் பலகை, நாலு புத்தம்புது ஆணி. கிரேசிக்குப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்பதில் அக்கறை இல்லை. ஆணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அலுவலர் விதிகளைப் படித்தார். இயக்குநர் அவர்கள் மெட்ராஸிலிருந்து வந்து பார்வையிடும்வரை இல்லத்தின் பொருள்கள் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். எதையும் மாற்றக் கூடாது, பழுதுபார்க்கவும் கூடாது, பழுதுபார்த்தால் பொருளின் நிலை மாறிவிடும். புதுச் சாமான் எதுவும் உள்ளே வரவும் கூடாது, வந்தால் சிக்கனத்துக்குக் களங்கம். இயக்குநர் எப்போது வருவார் என்று எஸ்றா கேட்டான். பதினைந்து நாளில் என்றார்.

பதினைந்து நாளில் இயக்குநருக்கு மரம் நடு விழா வந்தது. பிறகு எலி ஒழிப்பு வாரம் வந்தது. பிறகு எலி ஒழிப்பு வாரத்தின் வெற்றி விழா. சர்க்கார் வேலை, நாம் என்னத்தைச் சொல்ல.

தெருவிலேயே எல்லாச் சாமானும் ஒழுங்காக இருந்த வீடு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவந்தது. பெஞ்சுக் கால் ஒன்று முறிந்தது. தொடக் கூடாது என்பதால் குடும்பமே நின்றுகொண்டு சாப்பிட்டது. கூஜா மூடியின் திருகு போனது. எஸ்றாவின் குடை கம்பி விட்டது, அதுவும் எண் போட்ட குடை, அவன் நனைந்துகொண்டே ஹார்பருக்குப் போனான். கை சும்மா இருக்க முடியாமல் சாயங்காலமானால் என் கடைக்கு வந்து உட்கார்ந்துவிடுவான். பேசிக்கொண்டே என் தராசு முள்ளை நேராக்கிவிட்டான். அந்த முள் அப்படி இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை அவனிடம் சொல்ல முடியுமா.

கிரேசிக்கு வயிறு எட்டாம் மாதம். அவளுக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்று. பிள்ளை வந்தால் எங்கே போடுவது. ஒருநாள் அவளே மூச்சு வாங்க அலுவலகத்துக்கு நடந்துபோனாள். துணைக்கு நானும் போனேன். பழைய சாமான் விஷயத்தில் சர்க்கார் அவளை என்ன பாடுபடுத்துகிறது என்று பார்க்க எனக்குக் கொஞ்சம் ஆசையும்தான், பொய் சொல்வானேன்.

"சார், அந்தப் பதினேழைக் கொஞ்சம் படுக்கவச்சிக்கிடுதேன். முளையைப் பிடுங்குனாப் போதும், தொட்டிலு ஆயிரும்" என்றாள்.

அலுவலர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "அம்மா, தொட்டிலை அலமாரி ஆக்கினீர்கள். அது மறுபயன்பாடு, அதற்குத்தான் பலகையே கொடுத்திருக்கிறோம். இப்போது அலமாரியைத் தொட்டில் ஆக்கினால் அது பழைய நிலைக்குத் திரும்புதல். மறுபயன்பாடு ரத்து ஆகிவிடும். ரத்து செய்ய எனக்கு அதிகாரம் இல்லை."

"பெறகு புள்ளைய எங்கன சார் போட?"

"தூளி கட்டலாமே" என்றார். தூளி கட்டப் பழைய சேலை வேண்டும். பழைய சேலை எல்லாம் எண் போட்டுத் திரையாகத் தொங்குகிறது. புதுச் சேலை உள்ளே வரக் கூடாது. அப்படியே வந்தாலும் கட்டுவதற்கு இருக்கிற ஒரே கொக்கியில் எண் போட்டு லாந்தர் தொங்குகிறது. இதை அவள் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று ஒத்துக்கொண்டார். மனிதாபிமான அடிப்படையில் மேலிடத்துக்கு எழுதிக் கேட்கிறேன் என்று அனுப்பிவைத்தார். எழுதவும் செய்தார். மேலிடத்திலிருந்து பதிலும் வந்தது. பிரசவத்தை ஆய்வு முடிந்த பிறகு வைத்துக்கொள்ள இயலுமா என்று கேட்டிருந்தார்கள்.

கிரேசி அன்றைக்கு அழுதாள். பழைய சாக்கிலிருந்து நூல் பிரிக்கக்கூடச் சலிக்காத பெண், எங்கள் கடைப்படியில் உட்கார்ந்து, எம்பிள்ளைக்குப் படுக்க இடம் கேட்டது குத்தமா அண்ணாச்சி என்று அழுதாள். எனக்கும் அந்த எனாமல் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் கோபம் வந்தது.

ஆனால் கோபம் வேறே, வியாபாரம் வேறே. அந்தச் சமயத்தில் என் கடையில் நிற்க இடமில்லை. காரணம் அலுவலரின் மனைவி சண்முகவடிவு அம்மாள். முன்மாதிரி இல்லத்தை அந்த அம்மாள் வந்து பார்த்துவிட்டு, ஒட்டுப்போட்ட திரையில் மயங்கிப்போனார். மறுவாரம் மாதர் சங்கத்துக்கு ஒட்டுப்போட்ட சேலை கட்டிக்கொண்டு போனார். பட்டுச் சேலையைப் புதுசாக வாங்கி, கத்தரித்து, அதில் இன்னொரு புதுப் பட்டுச் சேலையின் துண்டை வைத்துத் தைத்தது. அவ்வளவுதான், ஊரே பற்றிக்கொண்டது. டாக்டர் வீட்டில் நெளிந்த குடம் கேட்டார்கள், வக்கீல் வீட்டில் பற்றவைத்த சட்டி கேட்டார்கள். எங்கள் தெருவில் நல்ல நாற்காலி வைத்திருந்தவர்கள் வெளியே சொல்லக் கூச்சப்பட்டு ஒரு காலை அறுத்துக் கட்டிவைத்தார்கள்.

ஜனங்கள் கேட்பதைக் கொடுப்பதுதான் வியாபாரம். இஞ்ஞாசி என்று ஒரு பாத்திர வேலைக்காரனைக் கூலிக்கு வைத்து, வந்து இறங்குகிற புதுக் குடத்தை எல்லாம் அங்கங்கே நெளிக்கச் சொன்னேன். சட்டியில் துளை போட்டு, அந்தத் துளையை அடைக்கச் சொன்னேன். நல்ல குடத்தை ஏன் அண்ணாச்சி அடிக்கணும் என்று அவன் ஒரு நாள் கேட்டான். நாகரிகம் தெரியாத பயல். நெளிந்த குடத்துக்கு நெளியாத குடத்தைவிட விலை கூடத்தான் வைத்தேன், கூலி இருக்கிறதே.

பிள்ளை இயக்குநருக்காகக் காத்திருக்கவில்லை. ஆண் பிள்ளை. கிரேசி ஆஸ்பத்திரியிலிருந்து ரிக்‌ஷாவில் வந்து இறங்கின காலையில் எங்கள் தெருவில் தோரணம் கட்டியிருந்தது. பிள்ளைக்கு என்று நினைத்துவிடாதீர்கள், இயக்குநருக்கு. எல்லா விழாக்களையும் முடித்துக்கொண்டு அன்றைக்குத்தான் அவர் வருகிறார். அலுவலர் ஆளுயர மாலையோடு வாசலில் நின்றார். நாங்கள் எல்லோரும் நின்றோம்.

கிரேசி பிள்ளையோடு நேரே வீட்டுக்குள் போனாள். பெஞ்சு காலில்லாமல் சாய்ந்து கிடந்தது. கட்டில் கயிறு அறுந்து தொங்கியது. மழைத்தண்ணீர் சுவரோரம் இறங்கித் தரை ஊறிக்கிடந்தது. நடு வீட்டில் நின்றுகொண்டு அலுவலரைக் கூப்பிட்டாள். சத்தம் போடவில்லை, அமைதியாகத்தான் பேசினாள்.

"சார், ஆஸ்பத்திரியிலேருந்து கையிலயே வச்சிட்டு வாரேன். கை ஓஞ்சிபோச்சு. எம்புள்ளைய எங்கன போடணும்னு நீங்களே சொல்லுங்க. அங்கன போடுதேன்."

அலுவலர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். பார்த்த இடமெல்லாம் சிவப்பு எண். கடைசியில் மெதுவாக, தரைக்கு எண் போடவில்லை என்றார்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிரேசி பிள்ளையை எஸ்றா கையில் கொடுத்தாள். பதினேழின் பக்கத்தில் போய், பாத்திரங்களை ஒவ்வொன்றாக இறக்கி என் கையில் கொடுத்தாள். ஒட்டுப்போட்ட சட்டி, கைப்பிடி மாற்றிய தவலை, என் வியாபாரத்தின் பரம்பரைச் சத்துருக்கள் எல்லாம் என் மார்போடு வந்து சேர்ந்தன. முளையைப் பிடுங்கினாள், பலகையை உருவினாள், அப்படியே மல்லாக்கச் சாய்த்தாள். வள்ளத்துக் கட்டை தரையில் பட்டு ஒரு ஆட்டம் ஆடியது. பிள்ளையை வாங்கிப் போட்டாள். அது கையைக் காலை நீட்டிச் சோம்பல் முறித்துவிட்டுத் தூங்கிப்போனது. எனக்கு இரண்டு கையிலும் பாத்திரம், கண்ணைத் துடைக்கவும் வழியில்லை. அலுவலர் மட்டும் சுவரில் சாய்ந்துகொண்டு, போச்சு, என் உத்தியோகம் போச்சு என்று முனகினார்.

அந்த நேரம் பார்த்து இயக்குநர் உள்ளே வந்துவிட்டார். கறுப்புக் கண்ணாடி போட்ட, குள்ளமான மனுஷர். எதைப் பார்த்தாலும் 'சிறப்பு' என்றார். முறிந்த பெஞ்சைப் பார்த்துச் சிறப்பு, ஒழுகுகிற கூரையைப் பார்த்துச் சிறப்பு. கிரேசி ஆட்டிக்கொண்டிருந்த தொட்டிலின் முன்னால் வந்ததும் நின்றார். இது என்ன என்றார். பதினேழாம் எண் அலமாரி என்று அலுவலரின் வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அலமாரியைத் தொட்டிலாக மாற்றியிருக்கிறார்கள். பார்த்தீரா, இதுவல்லவா மறுபயன்பாடு. மிகச் சிறப்பு."

அலுவலர் சுவரை விட்டு நிமிர்ந்தார். ஆமாம் சார், அலுவலகத்தின் இடைவிடாத ஊக்குவிப்பால் நடந்தது என்றார். சென்னைப் பொருட்காட்சிக்கு இந்த ஒரு பொருள் போதும், லாரி அனுப்புகிறேன், உள்ளது உள்ளபடி அனுப்பிவையும் என்று உத்தரவு போட்டுவிட்டு, இயக்குநர் மாலையோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

ஜீப்பின் புழுதி அடங்கின பிறகுதான் அலுவலருக்கு உத்தரவின் முழு அர்த்தம் விளங்கியது. உள்ளது உள்ளபடி என்றால், இயக்குநர் பார்த்தபோது தொட்டிலில் ஒரு குழந்தை உள்ளது. தொட்டிலை மட்டும் அனுப்பினால் நிலை மாறிவிடும். குழந்தையை அனுப்ப விதி இல்லை. மனுஷர் வேர்த்து விறுவிறுத்துப்போனார். கிரேசிதான் கை கொடுத்தாள். லாரி வரட்டும் சார், பேசிக்கிடலாம், ஆனா ஒண்ணு என்றாள்.

"அவுக பாக்கும்போது நான் ஆட்டிக்கிட்டுல்லா இருந்தேன். அப்பம் ஆட்டுததும் உள்ளதுதானே. எனக்கு உடம்பு முடியல. உங்க உத்தரவு, நீங்கதான் ஆட்டணும்."

இதில் விதிப்படி தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. தங்கமான மனுஷர் என்று முதலிலேயே சொன்னேன் இல்லையா. அன்றிலிருந்து தினம் பத்து மணிக்கு ஜீப்பில் வந்து இறங்குவார். கால் கட்டைவிரலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே மடியில் வைத்து ஃபைல் பார்ப்பார். பிள்ளை பால் குடிக்கிற நேரம் 'நிலை தற்காலிகமாக மாற்றம்' என்று நல்லக்கண்ணுவிடம் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவார். ஆய்வுதான் முடிந்துவிட்டதே என்று கிரேசி வீடு பெருக்குவாள், எஸ்றா பெஞ்சுக்குக் கால் போடுவான், கூரை ஒழுகாமல் கீல் பூசுவான். ஒருநாள் எஸ்றா அலுவலரைக் கண்ணால் காட்டி என் காதோரம் வந்து சொன்னான்.

"ஒண்ணுக்கும் ஆகாமக் கெடந்தது அண்ணாச்சி. இப்பம் ஒரு சோலிக்கு ஆகுது. எண் போடத்தான் மறந்துட்டாவ."

லாரி வரவே இல்லை. பிள்ளைக்குத் தவழ்கிற பருவம் வருவதற்குள் மெட்ராஸிலிருந்து வேறொரு உத்தரவு வந்தது. சிக்கன நடவடிக்கையாக, சிக்கன அலுவலகத்தை மூடிவிட்டார்கள். மேஜை நாற்காலி ஏலத்துக்கு வந்தபோது எங்கள் தெருவே போய் அடித்துப் பிடித்து வாங்கியது, சர்க்கார் நாற்காலி இல்லையா. கடை விலையைவிடக் கூடத்தான் போனது. பின்வாசலில் கிடந்த திருகாணி ஆடுகிற நாற்காலியை யாரும் கேட்கவில்லை. எஸ்றா கேட்டான். வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு காசை வைத்துத் திருகினான். இன்றைக்கும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறான். கிரேசி வாசல் பலகையை எடுத்து அரிசி டின்னுக்கு மூடி ஆக்கினாள். நாலு ஆணியையும் பத்திரமாகப் பிடுங்கி டப்பாவில் போட்டுக்கொண்டாள். பதினேழு நிமிர்ந்து மறுபடி அலமாரி ஆனது.

அலுவலகம் போனதும் நாகரிகமும் போனது. சண்முகவடிவு அம்மாள் பளபளவென்று எவர்சில்வருக்கு மாறிவிட்டார். என் கடை முழுக்க நெளிந்த குடம். இஞ்ஞாசியை மறுபடி கூப்பிட்டு, நெளித்ததை எல்லாம் நிமிர்த்தச் சொன்னேன். கூலி வாங்கிக்கொண்டு நிமிர்த்தினான், ஒன்றும் கேட்கவில்லை. அவன் கேட்காததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

நிமிர்த்தி முடித்துக் கடையை எவர்சில்வரால் நிறைத்து வைத்த வாரம், அதே ஜீப்பு என் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கியது சிவசுப்பிரமணியன். 'புதுப் பொருள் விற்பனை ஊக்குவிப்பு வட்டார அலுவலகம்' என்று ஒன்று திறந்திருக்கிறார்களாம், அதற்கும் அவரே அலுவலர். நாட்டில் ஜனங்கள் புதுச் சாமானே வாங்குவதில்லை என்று மேலிடத்தில் கவலைப்பட்டார்களாம். கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். முன்மாதிரி விற்பனை நிலையம் என்று எனாமல் பலகை தருகிறேன் என்றார்.

எதிர்வீட்டில் நடந்ததை எல்லாம் கண்ணால் பார்த்தவன்தான் நான். ஆனால் பலகை என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது. அதுவும் எதிர்வீட்டுப் பலகையைவிடப் பெரிய பலகை. சரி என்றேன். நல்லக்கண்ணு பிரஷ்ஷோடு உள்ளே வந்தான். தம்ளருக்கு எண், குடத்துக்கு எண், வாசலில் கிடந்த பித்தளை அண்டாவுக்கு எண். இயக்குநர் வந்து பார்க்கும்வரை சரக்கு உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும், ஒன்றையும் விற்கக் கூடாது. பதினைந்து நாளில் வந்துவிடுவார் என்றார்.

முந்தாநாள் கிரேசி இடுப்பில் பிள்ளையோடு என் கடைப்படி ஏறினாள். பிள்ளைக்கு அடுத்த வாரம் ஒரு வயது நிறைகிறது. மறுபடியும் ஆணிக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் மேல்தட்டில் இருந்த எவர்சில்வர் தம்ளரைக் கைகாட்டினாள்.

"மூத்தது ரெண்டும் அவுக அப்பா தட்டி நிமித்துன தம்ளர்லயே குடிச்சு வளந்துட்டு அண்ணாச்சி. இவன் ஒருத்தனுக்காவது புதுசா ஒண்ணு வாங்கிக் கொடுப்போம்னு ஆசையா இருக்கு. உங்க கடையிலதான் வாங்கணும்னு வந்தேன்."

எத்தனை வருஷத்து வேண்டுதல். எழுந்து கையை நீட்டித் தம்ளரை எடுத்தும்விட்டேன். அடியில் சிவப்பாக எண் இருந்தது. தெருமுனையில் நல்லக்கண்ணு வெற்றிலை போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். என் வாயால் நானே சொல்ல வேண்டியதாயிற்று. விக்க முடியாதும்மா, உள்ளது உள்ளபடி இருக்கணும் என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது தேவலை. தம்ளரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாசலில் காலியாகக் கிடந்த பித்தளை அண்டாவைப் பார்த்தாள்.

"இது சும்மாத்தானே கெடக்கு" என்று பிள்ளையைத் தூக்கி அதற்குள் உட்காரவைத்தாள். "கொஞ்சம் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி, ரயிலடிக் கடையில போயி ஒரு தம்ளர் வாங்கிட்டு வந்துருதேன்."

அவள் தெரு திரும்புவதற்குள் பிள்ளை அழத் தொடங்கியது. ஜீப்பு வந்து நின்றது. சிவசுப்பிரமணியன் அண்டாவைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் கால் கட்டைவிரலை வைத்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, காட்சிக்கு ரொம்ப நன்றாக இருக்கிறது, நிலையை மாற்றிவிடாதீர் என்று சொல்லிப் போனார். ஆட்டுகிறதை நிறுத்தினால் பிள்ளை கத்துகிறது. உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்தேன். தெருவில் கூட்டம் கூடிவிட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு சண்முகவடிவு அம்மாள் முன்னால் வந்தார். அண்டாவை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"இதே மாதிரி புள்ளையோட ஒரு அண்டா கிடைக்குமா அண்ணாச்சி" என்று கேட்டார். பின்னாலேயே டாக்டர் வீட்டம்மாளும் எனக்கும் ஒன்று என்றார்.

விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டு ஆட்டிக்கொண்டிருந்தேன்.